இரண்டாவது போத்தல்

போன சனிக்கிழமை மாத்தளையில் ஒரு பிள்ளைக்கு மூத்திரம் வர வேண்டுமென்று ஒரு டொக்டர், ஒரு நர்ஸ், ஒரு மாமன் ஆகிய மூன்று பேர் தவம் கிடந்தோம். முகத்தைச் சுளிக்காதீர்கள். விஷயம் கொஞ்சம் பெரியது.

அந்த மாமன் நான்தான். பிள்ளை, நாவுலையில் இருக்கும் என் அக்காவின் மகள் ஸ்டெல்லா. ஓட்டக்காரி. அன்றைக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டரில் முதலாவதாக வந்தாள். நான் கத்திய கத்தில் எனக்குத் தொண்டையே போய்விட்டது. 'வெளிநாட்டுப் போட்டிக்குக் கட்டாயம் எடுப்பாங்க' என்று கோச் சொல்லி வாய் மூடவில்லை... ஒரு நர்ஸ் வந்து அவள் தோளைத் தொட்டார். 'நங்கி, டோப் டெஸ்ட்.' நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி.

ஜெயித்தவர்களைப் பிடித்து மூத்திரம் எடுப்பார்களாம். ஊக்கமருந்து போட்டுக்கொண்டு ஓடினாளா என்று பார்க்க. எடுங்களேன்! எங்கள் பிள்ளை குடித்த பெரிய மருந்து கொத்தமல்லித் தண்ணீர்தான்.

கிரவுண்டுக்குப் பக்கத்துப் பாடசாலையில் ஒரு வகுப்பறையை இதற்கென்று ஒதுக்கியிருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த டொக்டர் மேசையில் இருந்தார். ஸ்டெல்லா டொய்லட்டுக்குப் போனாள், நர்ஸும் கூடவே போனார். ஆள் மாறாட்டம் நடக்காமல் கண்ணால் பார்க்க வேண்டுமாம். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தாள்.

'வரலைங்க மாமா.'

எப்படி வரும்? பயண நாளில் எங்கள் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வழியில் நாலந்தா தாண்டினால் ஆமி செக்பொயின்ட். பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். எவ்வளவு நேரமென்று யாருக்கும் தெரியாது. அங்கே டொய்லட்டும் கிடையாது. அதனால் ஸ்டெல்லா ஓடுகிற நாளில்கூட வாயை நனைத்துத் துப்பிவிடுவாள். கோச் ஏசுவார். அவர் ஏச்சு செக்பொயின்ட் வரைக்கும் கூட வருமா?

நான் ஓடிப்போய் இரண்டு தெம்பிலி இளநீர் வெட்டி வாங்கி வந்தேன். டொக்டர் கையை நீட்டித் தடுத்தார். வெளிச் சாமான் கூடாதாம். மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தல் மட்டும்தானாம். சரியென்று அந்தப் போத்தல்களை ஒவ்வொன்றாக உடைத்துக் கொடுத்தேன். 'குடி புள்ள, குடி!' அவளும் மடமடவென்று குடித்தாள். தெம்பிலி இரண்டும் என் வயிற்றுக்குள் போயின.

அதற்குள் அக்காவின் போன். 'தம்பி, பஸ் ஏறிட்டீங்களா?'

'இல்லக்கா. இன்னும் மூத்திரம் வரல்ல.'

'என்னடா சொல்ற? இருட்டுறதுக்குள்ள புள்ளயக் கொண்டு வந்து சேருடா!'

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். நாவுலைக்குக் கடைசி பஸ் எந்த நிமிடமும் புறப்பட்டுவிடும்.

ஒருவழியாக வந்தது. கைதட்டாத குறைதான்! டொக்டர் அதில் ஒரு சொட்டை எடுத்து, சின்னக் குழாய் மாதிரி ஒரு கருவியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்து எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். 'வெறும் தண்ணி. கனம் போதாது. லெப்ல எடுக்க மாட்டாங்க.'

குடிக்காததும் பிழை, குடித்ததும் பிழை. மறுபடி காத்திருக்க வேண்டும். இந்த முறை குடிக்காமல்.

'நாளைக்குக் காலையிலயே கூட்டிட்டு வர்றேனே டொக்டர்?' என்று சிங்களத்தில் கெஞ்சினேன். அவரும் சிங்களத்தில்தான் சொன்னார்: 'இப்ப போனா, தர மறுத்ததா எழுதுவேன். மெடலும் போகும், ஓட்டத்துக்கும் தடை வரும்.' பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தார். 'காலையிலிருந்து ஏன் தண்ணி குடிக்கல்ல? எதை மறைக்கப் பார்த்த?'

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவளே சொன்னாள், நல்ல சிங்களத்தில்: 'செக்பொயின்ட்ல டொய்லட் இல்ல சேர்.'

டொக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு மனுஷன் குரலே மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, லெப்பில் என்ன செய்வார்கள் என்று அவளுக்கு விளக்கமாகச் சொன்னார். போத்தல் வெளிநாட்டுக்குப் போகும். அங்கே சாம்பிளைச் சூடாக்கி ஆவியாக்கி, தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு நீளக் குழாய்க்குள் விடுவார்கள். ஒவ்வொரு பொருளும் தன் தன் நேரத்துக்குத்தான் வெளியே வரும். வந்ததை இன்னொரு மெஷின் துண்டு துண்டாக உடைத்து நிறுக்கும். எந்த மருந்தும் தனக்கென்று ஒரு விதமாகத்தான் உடையும். தப்ப முடியாது.

'போத்தல்ல பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான்' என்றார். 'நீ யாரு, எந்த ஊரு, என்ன பாஷைன்னு லெப்ல யாருக்கும் தெரியாது.'

இந்த நாட்டில் இப்படியும் ஒரு சோதனையா? எனக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது.

மற்றதையும் சொன்னார். ஒரே மூத்திரத்தை ஏ, பி என்று இரண்டு போத்தலில் ஊற்றி சீல் வைப்பார்கள். முதலில் ஏ போத்தலை மட்டும் திறப்பார்கள். அதில் ஏதாவது அகப்பட்டாலும் உடனே குற்றவாளி இல்லை. பி போத்தலையும் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். திறக்கும்போது நாமே போய்ப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போனால்தான் குற்றம்.

கடைசியில் டொக்டர் கேட்ட கனத்தோடு வந்தது. ஸ்டெல்லா தன் கையாலேயே இரண்டு போத்தலையும் இறுக்கி மூடினாள். பஸ் எப்போதோ போய்விட்டது. த்ரீவீலர் பிடித்தோம்.

இருட்டிக்கொண்டு வரும் மசண்டை நேரத்தில் செக்பொயின்ட். ஆமிக்காரப் பையன் அடையாள அட்டை கேட்டு, ஐ.சி. இரண்டையும் வாங்கினான். டோர்ச் அடித்து முதலில் வாசித்தது பெயரைத்தான். 'இந்த நேரத்துல எங்க? இந்தப் பொம்பளப் பிள்ள யாரு?' சொன்னேன். அவள் மெடலை எடுத்துக் காட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தான். 'ஓரமா நில்லுங்க' என்றுவிட்டு, ஐ.சி.களோடு உள்ளே போய்விட்டான்.

நின்றோம். இவன் ஒரு தரம் பார்த்து ஒன்றை முடிவு செய்துவிட்டால், மறுபடி திறந்து பார்க்கச் சொல்லி யாரிடம் கேட்பது? எங்கள் ஊரில் அப்படி ஒரு தரம் பார்த்து ஏற்றிக்கொண்டு போன பையன்கள் உண்டு.

ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

'மாமா... இப்ப வருதுங்க.'

குடித்த அத்தனை போத்தலும்! சிரிப்பதா அழுவதா? 'அடக்கிக்க புள்ள' என்றேன். வேறென்ன சொல்ல? பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, மெடலைப் பொத்திப் பிடித்தபடி நின்றாள். ஐ.சி. திரும்பி வந்து, நாவுலைக்குப் போய்ச் சேரும்வரை அவள் கடித்த பல்லை விடவில்லை. வீட்டு வாசலில் அக்கா கட்டிப்பிடிக்க வந்தாள். ஸ்டெல்லா அவளையும் தள்ளிவிட்டு உள்ளே ஓடினாள்.

டெஸ்ட் முடிவு வரச் சில வாரம் ஆகுமாம். அக்கா மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி கொளுத்திக்கொண்டே இருக்கிறாள். லெப்பைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அங்கே அவளுக்கு இரண்டாவது போத்தல் இருக்கிறது.