ஒன்லைனில் இல்லாத யதுஷா

"அங்கிள், இண்டைக்கு எக்கவுண்டிங் வகுப்பு இருக்கோ? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோவன்."

இரண்டாம் மாடி யதுஷா மறுபடியும் எங்கள் கதவைத் தட்டுகிறாள். பதினேழு வயது. கைத்தொலைபேசியைத் தானாகவே தாயிடம் ஒப்படைத்துவிட்டு, தகப்பனுடைய பழைய பட்டன் போனோடு திரிகிற பிள்ளை. அதன் பலன், கணக்கியல் என்றால் காத தூரம் ஓடுகிற நான், வெள்ளவத்தை ரியூசன் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். ஆசிரியர் என்னையும் சேர்த்துத்தான் "பிள்ளையள்" என்று விளிக்கிறார். மழை வருமா என்று எதிர்வீட்டில் கேட்பாள், தோழி பதில் போட்டாளா என்று கீழ்வீட்டில். துறவு பூண்டவள் அவள். வேலை பார்ப்பது எங்கள் மாடிக்குடியிருப்பு முழுவதும்.

ஏன் விட்டாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"கண்ணை மூடினாலும் விரல் தள்ளிக்கொண்டே கிடக்கும், அங்கிள். விடியும்வரைக்கும் நித்திரை இல்லை. கண்ணாடியில என்னைப் பாக்கவே பிடிக்காது."

இப்போது நன்றாகத் தூங்குகிறாள். கொஞ்சம் கூடுதலாகவே. நூறாம் இலக்கப் பஸ்ஸில் கண்ணயர்ந்து, கடைசித் தரிப்பான பாணந்துறையில் இறங்கி அழுத நாளும் உண்டு. கன்னம் சற்று உப்பியிருக்கிறது. தம்பியோடு சண்டையும் நேருக்கு நேர்தான். எங்கள் வீடு வரை கேட்கிறது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

வினை கனடாவிலிருந்து வந்தது. ஒரு குமர்ப்பிள்ளையின் கையில் போன் இல்லையென்றால் எங்கள் சனத்துக்கு ஒரே காரணம்தான் தெரியும்: வீட்டார் பறித்துவிட்டார்கள், ஏனென்றால் ஒரு பெடியனோடு காதல். யதுஷா வாட்ஸ்அப்பில் தென்படாததைக் கவனித்த ஸ்காபரோப் பெரியம்மா, தன் தங்கையை, யதுஷாவின் தாய் சிவமணியை, அழைத்தார்.

"ஒளிக்காதையடி. ஆர் பெடியன்? என்ன ஆக்கள்?"

சிவமணி சத்தியம் செய்யச் செய்யப் பெடியன் உறுதியானான். கிழமை முடிவதற்குள், அவனுக்குப் படிப்புக் குறைவு என்று லண்டன் உறவுகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"பிள்ளை, நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒருக்கா ஒன்லைன் வந்திட்டுப் போ, காணும்," என்று சிவமணி அழுதாள். தாய்க்கு மானம், மகளுக்கு நித்திரை. ஒரு நாள் கையில் எடுத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று யதுஷாவுக்குப் பயம். எனக்கும்தான்.

நேற்று மத்தியானம், வகுப்பு நாலு மணிக்கு மாறியதைச் சொல்லப் போனேன். நான்தானே தபால்காரன். கதவு திறந்திருந்தது. சிவமணி, பெரியம்மாவின் வீடியோ அழைப்போடு போனை மகளின் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குள் மறைந்தாள். யதுஷா முந்திக்கொண்டாள்.

"பெரியம்மா, அங்க இப்ப விடியப்புறமெல்லே? ஏன் இன்னும் படுக்கேல்லை?"

பெரியம்மாவுக்குக் கேட்க வந்தது மறந்துபோனது. "நித்திரை எங்கை பிள்ளை வருது? இதைத்தான் தடவித் தடவிக் கிடக்கிறன்."

"கண்ணாடியைக் கழட்டுங்கோ. சரிஞ்சு படுங்கோ. நான் கதைக்கிறன், நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது."

சந்தையில் விளைமீன் விற்ற விலை, லிப்ட் பழுதானது, தம்பி சப்பாத்தைத் தொலைத்தது என்று சாரமில்லாத சங்கதிகளை ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கே கொட்டாவி வந்தது.

சிவமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பெடியன் இல்லையெண்டு சொன்னியோ?"

யதுஷா உதட்டில் விரலை வைத்தாள். திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். வாய் திறந்தபடி பெரியம்மா, மெல்லிய குறட்டை. பிறகு சிவப்புப் பொத்தானை ஓசைப்படாமல் அழுத்தி, போனைத் தாயின் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினாள்.