தம்பியின் தனிக் கச்சேரி

எங்கள் தம்பி மறைந்து ஓராண்டு ஆகிறது. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்கும் நினைவு மலரில் அவரைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அப்பா என்னிடம் சொன்னார். மறைந்தவரை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன், யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவது போல இருந்தது. அதனால் அவன் என்றே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி பிறந்தது அம்மாவின் ஊரான மடத்துக்குளத்தில். வளர்ந்தது திருப்பூரில், அப்பாவின் பனியன் கம்பெனி மாடியில். பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பெண் வயலின் வாசித்ததைக் கேட்டுவிட்டு, தனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்தான். பஸ் பிடித்துக் கோவைக்குப் போய்க் கற்றான். கல்லூரி முடித்ததும் பாடுகிறவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க ஆரம்பித்தான். யாராவது கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டால் இவனுக்குத்தான் போன் வரும். அதில் அவனுக்கு வருத்தமே இல்லை, எனக்குத்தான் எரிச்சல்.

அப்பா ஒரு நாள், அவன் ஒரு பாடகிக்கு வாசித்த கச்சேரிக்கு முதன்முதலாக வந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கேட்டார்.

“ஏன் கண்ணு, அந்தம்மா பாடுனதையே நீயும் திருப்பி வாசிக்கற? உன்ரத எப்ப வாசிப்பே?”

பக்கவாத்தியம் என்றால் அப்படித்தான் என்று நான் சண்டைக்குப் போனேன். தம்பி சிரித்தான்.

“உடு அக்கா. அப்பா கேக்கறது செரிதான். நான் தனியா வாசிக்கறனுங்கப்பா. நீங்க வந்து கேளுங்க.”

அதன்பின் அந்த ஒரு கச்சேரிக்காகவே உழைத்தான். திருப்பூரிலேயே சின்ன மண்டபம் பேசினோம். அப்பா ஒவ்வொரு வீடாகப் போய், கல்யாணத்துக்கு அழைப்பது போல உங்களை அழைத்தார்.

கச்சேரிக்கு முந்தைய வாரம் தாராபுரத்தில் ஒரு கோயிலில் வாசித்துவிட்டு வண்டியில் திரும்பியவன், அவிநாசிபாளையம் அருகே விபத்தில் போய்விட்டான். அன்று நான் அழுதேனா என்பது எனக்கு நினைவில்லை. இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை.

மண்டபத்தை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. கச்சேரி நாளன்று மாலை அப்பா குளித்து, வேட்டி கட்டிக் கிளம்பினார். அம்மாவும் நானும் கூடப் போனோம்.

“மேடையில ஜமுக்காளம் விரிக்கறதுங்களா?” என்று வாட்ச்மேன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“விரிச்சுருங்க” என்று சொல்லிவிட்டு அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

தம்பிக்குக் கற்றுக்கொடுத்த குருவுக்கும், உடன் வாசித்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் எங்களோடு நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா போயிருப்பதைக் கேள்விப்பட்டு அன்று மண்டபத்துக்கு வந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கச்சேரி நடக்கும் நேரம் முழுவதும் அப்பாவோடு உட்கார்ந்திருந்தீர்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. யாரும் பாதியில் எழுந்து போகவில்லை.