பெரிய தட்டு என்றால் முப்பத்து மூன்று

தொண்ணூறுகளின் கடைசியில், எனக்குத் தெரிந்து, கோவையில் டிரான்ஸ் என்ற மேல்நாட்டு மின்னணு நடன இசையை ரசித்தவர்கள் எல்லாரும் ஒரே சோபாவில் அடங்கிவிடுவார்கள். அந்த சோபா என்னோடு கல்லூரியில் படித்த மில் முதலாளி மகன் வீட்டு மாடியில் கிடந்தது. லண்டனிலிருந்து அவனுடைய மாமா ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஞாயிறு மதியம் விருந்துச் சாப்பாடு முடிந்ததும் கூட்டாளிகள் அங்கே கூடி, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள். சினிமாப் பாட்டு கேட்கிற ஊரைப் பார்த்து, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சிரிப்பார்கள். பாதிப்பேர் தூங்கினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

காரமடையிலிருந்து பஸ் பிடித்து நான் அங்கே போனது ஒரே ஒரு பாட்டுக்காக. மஸ்கட்டிலிருந்து வந்த உறவுக்காரர் கொடுத்த கேசட்டில் அது இருந்தது. நடுவில் தாளமெல்லாம் அடங்கி, ஒரு பெண்ணின் குரல் மட்டும் தனியாக எழும்பும். அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்ப ஓட்டியதில் டேப்பை மெஷின் விழுங்கிவிட்டது. இழவு விழுந்த வீடு மாதிரி இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதே பாட்டு அந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்ததும் ஓடினேன்.

தட்டு சுழன்றது. தாளம் வண்டிமாடு மேட்டில் ஏறுவதுபோல் நடந்தது. அந்த இடமும் வந்தது. அவளுக்குப் பதில் ஜலதோஷம் பிடித்த ஓர் ஆம்பிளை முனகினான்.

“அந்தாளு கொரல்ல என்னொரு சோகமுங்க,” என்றான் பம்பு கம்பெனிக்காரர் மகன். மற்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

எழுந்துபோய்த் தட்டின் நடுவே பார்த்தேன். நிமிஷத்துக்கு 45 சுற்று என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. மெதுவாகச் சுற்றினால் பெண் குரலும் ஆண் குரலாகிவிடும்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. இது நாப்பத்தஞ்சுல ஓடோணுங்க,” என்றேன்.

“அது சின்னத் தட்டுக்குங்க. பெரிய தட்டுன்னா முப்பத்து மூணுதானுங்க. எங்கப்பா சாமிப்பாட்டுத் தட்டெல்லாம் அப்படித்தானுங்க ஓடும்,” என்றான் முதலாளி மகன். ஆனாலும் வந்தவன் மனம் நோகக்கூடாது என்று வேகக் குமிழைத் திருப்பி, முள்ளை அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தூக்கி வைத்தான்.

கேசட்டில் பாடிய அவள் வந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

“ஏனுங்க, இது திருவிழா ரிக்கார்டு டான்ஸாட்டம் இருக்குதுங்களே,” என்றான் பம்புக்காரர் மகன்.

“ஆமாங்க, ஆழமே இல்லீங்க,” என்றான் இன்னொருவன்.

முதலாளி மகன் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பினான். “நமக்கு இதுவே பழகிப்போச்சுங்க. போண்டா எடுத்துக்கங்க, ஆறிப்போகுது,” என்றான். அந்த மரியாதைக்கு எதிரே யார் சண்டை போட முடியும்? வாயில் போண்டாவோடு உட்கார்ந்து, என் பாட்டு இழுத்து இழுத்துச் சாவதைக் கேட்டேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். அந்தத் தட்டு ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது? அந்த முனகல் வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனத்துக்குள்ளேயே அவளை வேகமாக ஓட்டிப் பார்த்தேன். முழுக்க வரவில்லை, ஓரளவு வந்தாள். கண்ணோரம் ஈரமானது.

பம்புக்காரர் மகன் என் தோளைத் தட்டினான். “இப்பத்தானுங்க உங்களுக்கு ரசிக்கத் தெரிஞ்சிருக்குது,” என்றான்.