சலவைக் கொட்டிலுக்குப் பின்னால் மூன்று மஞ்சள் கான்

மூன்று நாட்களாக எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜெனரேட்டர் நிற்கிறது. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் தெருவைக் கிண்டிப் பழைய மின்கேபிளை மாற்றுகிறார்கள். வேலை முடியும்வரை ஆறு வீடுகளுக்கும் கரண்ட் இந்த மெசினிலிருந்துதான். நல்ல மெசின், பெட்டிக்குள் அடங்கி நாகரிகமாக உறுமுகிறது. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சத்தம் கொஞ்சம் இறங்கினால் யன்னலுக்குப் போகிறேன். ஏறினாலும் போகிறேன். ஒரே சீராக ஓடினால், ஏன் இப்படி ஒரே சீராக ஓடுகிறது என்று பார்க்கப் போகிறேன்.

"சும்மா இருங்கோப்பா. அது அவங்கட மெசின். நிண்டா அவங்கள் வந்து பாப்பாங்கள்," என்றாள் மனைவி.

"ஓம், ஓம்," என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று வேலைக்காரரிடம் கேட்டேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஜெர்மன்காரர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் காணும் என்றார். வேறு எங்கேயாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி யாருடையது என்று நினைவு வந்தது. டீசல் மணம் வேறு மூக்கில் ஏறிவிட்டது. மேலே வந்து கட்டிலில் இருந்துவிட்டேன்.

அது மாமா நேமாவின் கேள்வி. மாமா என்றதும் மீசை வைத்த ஆளை நினைக்காதீர்கள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. நான் அங்கிருந்து முதன்முதலில் தொலைபேசியில் பேசியபோது, மாமா இப்படிச் சொன்னா, மாமா அப்படிச் சொன்னா என்று அளந்ததைக் கேட்டு, "ஆரப்பா அந்த மாமா, பொம்பிளையோ ஆம்பிளையோ?" என்று என் மனைவி குழம்பிப்போனாள். மாமா நேமா, டான்சானியாவின் மேற்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியின் மேட்ரன். நான் அங்கே இரண்டு வருடம் மெசின் பார்க்கும் ஆளாக இருந்தேன்.

அகதியாக வந்து, முகாமில் இருந்து, மின் வேலைக்கு ஆவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி செய்து, இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து ஒரு நிலைக்கு வந்திருந்தேன். இங்குள்ள தேவாலயம் ஒன்று அந்த ஆபிரிக்க ஆஸ்பத்திரியோடு உறவு வைத்திருந்தது. ஜெனரேட்டரும் ஒட்சிசன் மெசினும் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். நான் கையை உயர்த்தினேன்.

"சைவக்காரர் போய் வேதக்காரற்றை ஆஸ்பத்திரியில என்ன செய்யப் போறியள்?" என்றாள் மனைவி. வேதக்காரர் என்று அவள் சொன்னது கிறிஸ்தவர்களை.

"நான் பிறந்ததே மிஷன் ஆஸ்பத்திரியிலதான். அப்ப ஒருத்தரும் சைவமோ வேதமோ எண்டு கேக்கேல்லையே."

பெருமையாகச் சொன்னேன். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, மிஷன் ஆஸ்பத்திரி நடத்துவது என்றால் மருந்து கொடுப்பது அல்ல. இல்லாததை வைத்துக்கொண்டு நாளைத் தள்ளுவது. பயிற்றுவித்த தாதி, கை பழகியவுடன் அரசாங்க வேலைக்குப் போய்விடுவாள். ஜெர்மனியிலிருந்து வரும் வைத்தியர், ஊர் பழகியவுடன் மூன்று மாதம் முடிந்து விமானம் ஏறிவிடுவார். குழாயில் தண்ணீர் வந்தால் கரண்ட் வராது. நாங்கள் கேட்டது மெசின்களுக்குப் பில்டர். ஜெர்மனியிலிருந்து வந்த கொள்கலனைத் திறந்தால், வயதானவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கும் நாலு சில்லு ரொலேட்டர்கள் வரிசையாக நிற்கும். செம்மண் பாதையில் அதைப் பிடித்துக்கொண்டு எந்தக் கிழவர் நடப்பார்? ஆனால் ஊர்ப் பெண்கள் அதன் கூடையில் மஞ்சள் பிளாஸ்டிக் கானை வைத்து ஆற்றிலிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இங்கே ட்ராம் தரிப்பில் யாராவது பாட்டி ரொலேட்டரோடு நின்றால், இருபது லீட்டர் தாங்குமா என்று இப்போதும் என் கண் அந்தக் கூடையைத்தான் அளக்கும்.

அந்த மஞ்சள் கான்கள்தான் விஷயம்.

ஆஸ்பத்திரி டீசலுக்கு ஊரெல்லாம் உரிமை இருந்தது. பிஷப்பின் கார் வரும், திரும்பிப் போக எண்ணெய் இல்லை என்பார்கள். செத்த வீட்டுக்கு லொறி வேண்டும் என்பார்கள். கோயில் விழாவுக்கு ஒலிபெருக்கி ஓட்ட வேண்டும் என்பார்கள். ஒன்றும் பொய்யில்லை, எல்லாம் நியாயம்தான். இல்லை என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வராது. கண்ணில் படும் டீசல் அன்றைக்கே முடிந்துவிடும்.

நான் பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். பதினைந்து வயதில் மண்ணெண்ணெய்ப் போத்தலை விறகுக்குள் ஒளிக்கத் தெரிந்தவன். மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடிய ஊர். இருக்கிறது என்று வெளியே சொன்னால் இல்லாமல் போய்விடும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ஒவ்வொரு தடவையும் டீசல் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினேன். சலவைக் கொட்டிலுக்குப் பின்னால், கிழிந்த மெத்தை ஒன்றின் கீழே, மூன்று மஞ்சள் கான். எனக்குள் ஒரே புளுகம், பெருமை தாங்கவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் மூளை உள்ளவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு விசிலடித்துத் திரிந்தேன்.

இரண்டாவது மழைக்காலத்தில் கரண்ட் நாலு நாள் வரவில்லை. பிள்ளைகள் வாட்டில் ஒட்சிசன் மெசினில் ஓர் ஆண் குழந்தை இருந்தது. பராகா என்று பெயர், பத்து மாதம், நெஞ்சில் சளி. தாய் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். ஜெனரேட்டரின் டீசல் தாங்கியை அளந்து பார்த்தேன். பின்னேரம் நாலு மணி வரைக்கும் காணும். பட்டணத்துக்குப் போய் எண்ணெய் எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு வந்துவிடலாம் என்று காலையிலேயே ஆஸ்பத்திரிச் சாரதியோடு ஜீப்பில் ஏறினேன்.

மாமா நேமா வாசல் படலை வரைக்கும் வந்தா. இடுப்பில் சாவிக்கொத்து, கையில் குடை.

"இங்கே வேறு எங்கேயாவது டீசல் இருக்கிறதா?" என்று கேட்டா.

அவவுக்குப் பக்கத்தில் பிஷப்பின் சாரதி நின்றுகொண்டிருந்தார், கையில் வெறும் கானோடு. நான் அந்தக் கானைப் பார்த்தேன்.

"இல்லை," என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு சொல். பட்டணத்தில் எண்ணெய் எடுத்துவிட்டேன். திரும்பும் வழியில் ஜீப் சேற்றில் இறங்கியது. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை. அங்கே ஆஸ்பத்திரியில், நான் போன கையோடு ஒரு பெண்ணைப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுவந்து, வயிற்றை வெட்ட வேண்டி வந்துவிட்டது. சத்திரசிகிச்சை அறையின் விளக்கும் மெசின்களும் சேர்ந்து இழுக்க, நாலு மணிக்கு முடிய வேண்டிய டீசல் ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். பராகாவின் மெசின் நின்றுவிட்டது. இருந்த ஒரே ஒட்சிசன் சிலிண்டரும் கொஞ்ச நேரம்தான் ஓடியது. தோட்டக்காரர், தாதிகள், சமையல்காரி எல்லோரும் வீடு வீடாகப் போய் டீசல் கேட்டார்களாம். சலவைக்காரி துணியைப் போட்டுவிட்டு அவளும் ஓடினாளாம். அவள் நின்ற கல்லிலிருந்து என் மெத்தைக்குப் பத்து அடி இராது.

கடைசி மூன்று மைல் நானும் ஜீப் சாரதியும் ஆளுக்கொரு கானைத் தோளில் வைத்துச் சேற்றில் நடந்து வந்தோம். வாட்டு யன்னலால் பார்த்தபோது தாய் பிள்ளையின் காலை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வாட்டுக்குள் போகவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

ஒட்சிசன் இருந்திருந்தாலும் தப்பியிருப்பானோ தெரியாது என்று வைத்தியர் சொன்னார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். இருந்திருந்தால் தப்பியிருக்கவும் கூடும் என்றுதான் எனக்குக் கேட்டது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு காலையும் ஜெபம். யார் பிறந்தார்கள், யார் போனார்கள் என்று மேட்ரன் வாசிப்பா, பிறகு பாட்டு. சைவக்காரனான நான் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அடுத்த நாள் மாமா நேமா பராகாவின் பெயரை வாசித்தா. பிறகு, சேற்றில் நடந்து எண்ணெய் சுமந்து வந்த எங்கள் சகோதரருக்காக நன்றி செலுத்துவோம் என்றா. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். அதையும் அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், மூன்று கானையும் தாங்கிக்குள் ஊற்றினேன். வெறும் கான்களைச் சமையல்காரியிடம் கொடுத்தேன். நல்ல கான் என்று அவள் சந்தோசப்பட்டாள்.

இங்கே திரும்பி வந்த பிறகு என்னிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் ஒன்றும் ஒளிந்திருக்கக் கூடாது. டோர்ச் எங்கே, மருந்து எங்கே, மேலதிகச் சாவி எங்கே, எல்லாம் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வாறவர்கள் தேத்தண்ணி வரும்வரை அதை வாசிக்கிறார்கள். "கள்ளனுக்கும் வசதிதான்," என்கிறாள் மனைவி. ஏன் என்று அவளுக்கும் சொன்னதில்லை.

மாமா நேமாவுக்கு ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்மஸுக்கும், கடிதம் எழுதினேன். "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்" என்ற வரி மட்டும் எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, சுகம் விசாரித்து வேறு தாள் எழுதுவேன். போன வருடம் ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தது. மாமா நேமா காலமாகிவிட்டா. கூடவே படங்களும் அனுப்பியிருந்தார்கள். கூரை முழுக்கச் சூரியத் தகடு. பழைய ஜெனரேட்டரை வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். சலவைக் கொட்டில் இருந்த இடத்தில் வெள்ளை அடித்த புதுக் கட்டடம் நிற்கிறது. படத்தை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து அதன் பின்பக்கத்தைத் தேடினேன். தெரியவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. சற்று முன் வாசலில் நின்ற மெசினை நிறுத்தி, வண்டியில் கொளுவிக்கொண்டு போய்விட்டார்கள். விளக்கு ஒரு தடவைகூட மினுங்கவில்லை.

"பாத்தீங்களே, ஒண்டும் நடக்கேல்லை. இனியெண்டாலும் வந்து இருங்கோ," என்றாள் மனைவி.

"வாறன்," என்றேன். இன்னும் யன்னலில்தான் நிற்கிறேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. படலையில் குடையோடு நின்று என்னைக் கேட்பதற்கு இனி யாரும் இல்லை.

இருக்கிறது, மாமா நேமா. சலவைக் கொட்டிலுக்குப் பின்னால், கிழிந்த மெத்தைக்குக் கீழே. மூன்று கான்.