கிளட்ச் கால்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் தடத்தில் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். பஸ் கூரையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை கட்டுவது டிரைவர் வேலையில்லை. நான் ஒரு அவசரக்குடுக்கை, நானே ஏறினேன். இறங்கும்போது ஏணியில் வழுக்கி, இடது முட்டியில் ஜவ்வு அறுந்தது. கிளட்ச் மிதிக்கிற கால்.

மெட்ராசில் ஆபரேஷன், ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. பிரித்தபோது முட்டிச்சில்லு அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. தினம் மூன்று வேளை அதை விரலால் மேலும் கீழும் தள்ளச் சொன்னார் டாக்டர். தையலுக்கு வெளிப்பக்கம் தோல் மரத்திருந்தது. "உணர்ச்சி வரும், வராமலும் போகும்" என்றார்.

"கால் சரியானா வாப்பா, வண்டி உன்னுதுதான்" என்றார் முதலாளி. அதுவரை என் சீட்டில் வேறொருவன்.

சில்லைத் தள்ளுகிற வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். அந்தக் காலைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கண்ணை மூடிக்கொள்வேன். கடைசியில் மரத்த இடத்தில் விரலை வைத்து, "தெரியுதா?" என்பாள்.

"தெரியுது" என்பேன். ஒன்றும் தெரியாது. பௌர்ணமிக் கூட்டம் வாசலில் போனாலும், பக்கத்து வீட்டார் வந்து உச்சுக்கொட்டினாலும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

நாலு மாதத்தில் சில்லு கொஞ்சம் அசைந்தது. ஆனால் மடக்கிய காலை நீட்டும்போது நடுவில் சிக்கும், உதறினால்தான் விடும். அதை யாரிடமும் சொல்லவில்லை. "சரியாப் போச்சுங்க, திங்கட்கிழமை வர்றேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை காக்கிச் சட்டையோடு உட்கார்ந்தேன். தள்ளி முடித்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"நான் இன்னும் கையே வெக்கலங்க."

கண்ணைத் திறந்தேன். இரண்டு கையும் அவள் மடியில் இருந்தன.

"முட்டி சிக்கறதும் எனக்குத் தெரியும். என்கிட்ட பொய் சொல்லுங்க, பரவால்ல. வண்டியில அம்பது பேரு ஏறுவாங்க" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். முதலாளி சாவியை நீட்டினார். "முடியலைங்க" என்றேன். அவர் அதை என் சீட்டில் ஓட்டிக்கொண்டிருந்தவனிடம் கொடுத்தார். பஸ் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அன்று மத்தியானமும் அவள் வந்து உட்கார்ந்து சில்லைத் தள்ளினாள். மரத்த இடத்தில் விரலை வைத்தாள். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை.

"தெரியுதா?"

"இல்ல" என்றேன்.