எட்டு இல்லை, பத்து

முகமூடியை மூக்கில் அழுத்தியதும் பிள்ளை வீறிட்டு அழுதான். மலேசியாவின் ஈப்போவில் ஓர் அரசாங்க கிளினிக். என் அக்கா, வேலைக்குக் கிளம்பிய தொழிற்சாலைச் சீருடையோடு, தன் மகனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூச்சிரைப்புக்கு ஆவி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய மூத்த மகள்கள் இருவரும் பக்கத்து நாற்காலிகளில் தூங்கிப்போயிருந்தார்கள். அன்றும் அவள் வேலைக்கு மட்டம். அடிக்கடி விடுப்பு எடுக்கிறாள் என்று அடுத்த மாதமே ஜெலாப்பாங் தொழிற்சாலையில் அவளை நிறுத்திவிட்டார்கள்.

மச்சானை, அதாவது அக்காவின் கணவரை, நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. லாரி ஓட்டுகிறவர், கெட்டவர் இல்லை. ஆனால் தினமும் கொடுக்கச் சொன்ன பம்ப் மருந்தை, பிள்ளை கொஞ்சம் தேறியதும் எடுத்து ஒளித்துவிடுவார். "தெனமும் குடுத்தா பழகிடும்லா!" மறுபடி இரைப்பு, மறுபடி கிளினிக். ஒருவர் சம்பளத்தில் ஐந்து பேர் திண்டாடும்போதே இன்னொரு பிள்ளைக்கும் ஆசைப்பட்டார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். அங்கே வீடு சும்மா கிடைத்தது. அம்மா பாலெடுக்க மரம் வெட்டப் போனால் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொண்டார்கள். தோட்டத்து வாழ்க்கை போய் வருடங்கள் ஆகியும், மூன்றாவது மாடி வாடகை வீட்டில் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா துணிந்து சொன்னாள்: "நான் கருத்தடைக்குப் போறேன். இனிமே என்னால முடியாது."

"எஸ்டேட்டுல நாங்க எட்டுப் பேரு வளரலையா? என்னா கெட்டுப் போச்சி?" என்று மச்சான் கத்தினார்.

அன்று வந்திருந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அவருடைய அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"எட்டு இல்லடா, பத்து. ரெண்டு ஒனக்கு முன்னாடியே போயிடுச்சி. ஒன்னு ஒன் மகன மாதிரிதான் மூச்சு வாங்கிச்சி. வேலைக்குப் போகலைன்னா பேரு வெட்டிடுவாங்கன்னு போயிட்டேன். திரும்பி வந்தா ஆயா துணி போட்டு மூடி வச்சிருந்தா."

மச்சான் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, சொல்லவே இல்லையே?"

"யாருடா கேட்டீங்க?"

அந்த வாரமே அக்காவைக் கருத்தடைக்கு அவரே கிளினிக்குக்கு அழைத்துப் போனார். மகனுக்குத் தினமும் மருந்து கொடுப்பதும் அவர்தான். இப்போது அவன் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த மூன்று வருடங்களுக்குப் பிறகு, அக்கா வேறொரு தொழிற்சாலையில் புது ஆளாகச் சேர்ந்திருக்கிறாள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், மச்சான் மாப்பிள்ளையின் தோளில் கை போட்டுக்கொண்டு, "இருக்கற பிள்ளைய மொதல்ல நல்லா வளர்க்கணும் தம்பி. நான் எப்பவும் சொல்றது இதான்லா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "விடுடா, சொல்லட்டும். அந்தப் பையனாவது கேக்கறான்ல."