பாப்பாவுக்கு எந்த ஊரு?

"நீங்க எந்த ஊரு?"

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயில் நகர்ந்ததும் நகராததுமாக, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் தசரதன் இதைக் கேட்டுவிடுவார். புது முகமாக இருந்தால் போதும். அந்த ஆள் தங்கவயலுக்குள்ளேயே பாலகாட் என்றோ ஆண்டர்சன்பேட்டை என்றோ சொன்னால் மனிதருக்குத் திருப்தி வராது. "அது இருக்கற எடம். ஊரு எதுன்னு கேட்டேன்" என்பார். எதிராளி தலையைச் சொறிந்து, தாத்தா காலத்து ஞாபகத்தைத் தோண்டி, ஆம்பூர் பக்கம் என்றோ சித்தூர் பக்கம் என்றோ ஒன்றைச் சொன்ன பிறகுதான் தசரதனின் டிபன் டப்பா திறக்கும். அவரைத் திருப்பிக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "நமக்கு குடியாத்தம் பக்கம். பரதராமி."

அந்தப் பரதராமிக்கு அவர் எத்தனை முறை போயிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஒருமுறை ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தி போடுவதற்குள் பஸ்ஸுக்கு ஓடி வர வேண்டியதாகிவிட்டது. இன்னொரு முறை குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனார். மழை கொட்டி அடுப்பே பற்றவில்லை. அவ்வளவுதான். சுரங்கத்துக்கு ஆள் சேர்த்த காலத்தில் அங்கிருந்து கிளம்பி வந்தவர் அவருடைய தாத்தா. அப்பா கோவிந்தசாமி பிறந்தது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில், ஒரு லைன் வீட்டில். தசரதன் பிறந்ததும் அங்கேதான். ஆனால் ஸ்கெலட்டனில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதே கதைதான் சொல்வார்கள். வீடு இங்கே, ரேஷன் கார்டு இங்கே, செத்தால் புதைப்பதும் இங்கே. ஊர் மட்டும் வட ஆர்க்காட்டில். இதில் அங்கே யாருக்கும் எந்தக் குழப்பமும் கிடையாது.

பெங்களூரில் ஒரு பழைய மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குவது தசரதனுக்கு வேலை. பொத்தானை அமுக்க ஒரு ஆளா என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்கு முழுக்க உங்களைப் படியேற வைத்துவிடுவார். அவர் அதை லிஃப்ட் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அப்பா சுரங்கத்தில் இறங்கி ஏறியது கேஜ் என்றால் இதுவும் கேஜ்தான். தரைக்குக் கீழே எக்ஸ்ரே எடுக்கும் தளம் "மொத லெவல்". காலையில் உள்ளே கால் வைக்கும் முன் தரையை வலது காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். அப்பா அப்படிச் செய்வாராம். எதற்கு என்று இவருக்கும் தெரியாது.

கதவு திறந்தால் மேலேயா கீழேயா என்று கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், இந்தியில் ஒருவர் கேட்பார்கள். வாயைத் திறந்து பதில் சொல்வதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். ஆள்காட்டி விரல் மேலே நிமிரும். இல்லையென்றால் கீழே கவிழும். அதுவே பதில். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. உப்பு டப்பா எங்கே என்று மனைவி ராணி கேட்டால் விரல் அலமாரியின் மேல்தட்டைக் காட்டும். "வாயில இன்னா, பூட்டா போட்டுக்கினு கீற?" என்று அவள் ஏசுவாள்.

அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தங்கை குணசுந்தரியைத் தூக்கி வளர்த்தது அவர்தான். அவள் நர்சிங் படித்து மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனாள். அங்கே அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை செய்யும் ரோனி என்ற பிலிப்பைன்ஸ்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். செய்தி தெரிந்து ஸ்கெலட்டனில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். தசரதன் வீடியோ காலில் மாப்பிள்ளையிடம் கேட்டது ஒரே கேள்வி. எது என்று உங்களுக்கே தெரியும். ரோனி ஏதோ ஒரு தீவின் பெயரைச் சொன்னார். "அது உங்க தாத்தா ஊரா மாப்ள?" என்றார் இவர். தங்கை மொழிபெயர்த்துக் கேட்டு, ஆமாம் என்றதும், "அப்ப சரி" என்று அந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்.

அவர்களுக்குப் பெண் பிறந்தது. கயல்விழி என்று பெயர் வைத்தார்கள். குழந்தையின் படம் வந்த அன்றைக்கே தசரதன் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் இரண்டு சின்னத் தோடு வாங்கி வந்துவிட்டார். தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டிய குடும்பம், தோடு என்னவோ கடையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்று ராணி கேலி செய்தாள். காதுகுத்தலுக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமன் உரிமை. தன் மடி, பரதராமி குலதெய்வக் கோயில், ஊரார் கூட்டம் என்று எல்லாவற்றையும் மனதுக்குள் நடத்தி முடித்துவிட்டார். குழந்தை வந்து சேருவதுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கல். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அம்மா இந்தியக் குடிமகளாக இருந்தால் போதும், பிள்ளையும் இந்தியக் குடிமகள் ஆகலாம். ஆனால் பிறந்த ஒரு வருஷத்துக்குள் அங்கிருக்கும் நம் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கவில்லை என்று பெற்றவர்கள் எழுதித் தர வேண்டும். வருஷம் தாண்டிவிட்டால் டெல்லியில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. குணசுந்தரியின் ஒப்பந்தமோ குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டி முடிகிறது. ஒப்பந்தம் முடிந்தால் விசாவும் முடிந்துவிடும். பாஸ்போர்ட் இல்லாத பிள்ளையோடு விமானம் ஏற முடியாது. பிள்ளையை விட்டுவிட்டு அவள் மட்டும் எப்படி ஏறுவாள்?

குழந்தைக்கு வழி அம்மாவின் குடியுரிமைதான் என்பதால் தூதரகத்தில் அவளுடைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் குடியாத்தம் என்று இருந்தது. நகராட்சியில் எடுத்த பிறப்புச் சான்றிதழில் கோலார் தங்கவயல் என்று இருந்தது. எது சரி என்று பிரமாணப் பத்திரம் கொண்டுவாருங்கள், விவரம் தெரிந்த மூத்தவர் யாராவது கையெழுத்துப் போடட்டும் என்றார்கள்.

"ஒரே ஆளு ரெண்டு எடத்துல பொறக்க முடியாதுல்லண்ணா" என்றாள் குணசுந்தரி போனில். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் அழுதாள்.

பாஸ்போர்ட்டுக்கு அப்போது விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் யார்? சாட்சாத் தசரதன்தான். முத்து முத்தான கையெழுத்தில் குடியாத்தம் என்று எழுதியிருந்தார். இப்போதும் அது தப்பு என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

வக்கீல் ஷோபா கன்னடக்காரர். தங்கவயலிலேயே வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். பத்திரத்தைத் தயார் செய்து வாசித்துக் காட்டினார். மூன்று தலைமுறையாகத் தங்கவயலில் வசிக்கும் குடும்பம், தங்கை பிறந்தது இங்கே கம்பெனி ஆஸ்பத்திரியில், விண்ணப்பத்தில் தவறுதலாகக் குடியாத்தம் என்று எழுதிவிட்டேன். அந்தத் 'தவறுதலாக' வந்ததும் தசரதன் கையைக் காட்டி நிறுத்தினார். அதை எடுத்துவிடச் சொன்னார்.

"தப்பு இல்லன்னா இந்தப் பத்திரமே எதுக்குண்ணா?" என்றார் ஷோபா. "பொறந்த எடம்னு கேட்டா நீங்க எல்லாரும் தாத்தா ஊர எழுதிடறீங்க. மாசத்துக்கு ஒண்ணு எங்கிட்ட வருது."

"நாங்க இன்னா பொய்யா எழுதறோம்? ஊருன்னா அதான மேடம்."

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டார். பரதராமியில் பழைய பட்டாவில் தாத்தா பெயர் இருக்கும், ஊர் அதுதான் என்று ஒரு காகிதம் வாங்கி அனுப்பினால் தீர்ந்தது என்பது அவருடைய கணக்கு. ஊர் வேறு, பிறந்த இடம் வேறு என்று ராணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அங்க பச்சப் புள்ளைக்கு நாள் ஓடிக்கினு கீது, இவுரு பாட்டன் பட்டா தேடப் போறாரு" என்று முறத்தைப் பொத்தென்று வைத்தாள். பிடிவாதம் பிடித்த மனிதரை என்ன செய்வது? சனிக்கிழமை விடுப்புப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பரதராமியில் பங்காளி வீடு ஒன்று இருந்தது. வாசலில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் தாத்தா பெயரைச் சொன்னார், அப்பா பெயரைச் சொன்னார். பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து உள்ளே குரல் கொடுத்தார்.

"ஏம்மா, கோலாருக்காரங்க வந்துகிறாங்க. ஒரு நாற்காலி எடுத்தா."

நல்ல மனிதர்கள். ஒரு குறையும் வைக்கவில்லை. அவர்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்துகொண்டு இவரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். "உங்க ஊர்ல மழை தண்ணி எப்பிடி? சுரங்கத்த மறுபடி தொறப்பாங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். உங்க ஊர், உங்க ஊர் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, தசரதன் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தார். வெளியூர் ஆளுக்குத்தானே நாற்காலி போடுவார்கள். பட்டாவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திரும்பும் வழியில் பஸ் பேத்தமங்களா ஏரியைத் தாண்டும்போது பக்கத்தில் இருந்தவர் பேச்சுக்கொடுக்க எண்ணி, எந்த ஊர் என்று கேட்டார். தசரதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொம்ப வலித்திருக்கிறது மனிதருக்கு. அன்று ராணி எவ்வளவு கேட்டும் போன கதையைச் சொல்லவில்லை. "கோழிக் கொழம்பு நல்லா இருந்திச்சி" என்றதோடு சரி.

மறுபடி ஷோபாவின் அலுவலகத்துக்குப் போனபோது, வேண்டுமானால் அந்த ஒரு சொல்லை மாற்றி எழுதலாம் என்று வக்கீலே இறங்கி வந்தார்.

"இருக்கட்டும் மேடம். தப்புதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் தசரதன். அதே முத்து முத்தான எழுத்து.

பத்திரம் மஸ்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. காத்திருந்த நாட்களில் ரயிலில் எதிர் இருக்கைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போனார்கள். அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. முதல் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டே வந்தது. லிஃப்டுக்குள் போனுக்கு சிக்னல் கிடைக்காது என்பதால் ஒவ்வொரு தளத்திலும் கதவு திறக்கும்போது போனை எடுத்துப் பார்ப்பார். ஒருநாள் மத்தியானம் மூன்றாவது மாடியில் கதவு திறந்தபோது செய்தி வந்து விழுந்தது. குழந்தையின் பிறப்பைப் பதிந்துகொண்டதற்கான சான்றிதழின் படம். கயல்விழி, இந்தியக் குடிமகள். தசரதன் படத்தைப் பெரிதாக்கி, ஒருமுறைக்கு இரண்டு முறை படித்தார். பிறகு கூட்டத்துக்கு விரலை மேலே காட்டிவிட்டு எல்லோரையும் கீழே கொண்டுபோய் எக்ஸ்ரே தளத்தில் இறக்கிவிட்டார். அன்றைக்கு அவர் வாங்கிய வசவு மூன்று பாஷையில் இருந்தது. மனிதர் சிரித்துக்கொண்டே நின்றார்.

காதுகுத்தல் ஸ்கெலட்டனில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. கோயில் என்னவாயிற்று என்று கேட்டவர்களுக்கு, "இங்கியே வெச்சிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பரதராமிப் பெரியவரையும் மறக்காமல் அழைத்திருந்தார். வந்தவருக்குப் பந்தலில் முதல் நாற்காலியைத் தானே துடைத்துப் போட்டார். குணசுந்தரி பட்டுப்புடவையில் பக்கத்தில் நின்றாள். ரோனி அடுத்த மாதம்தான் வர முடியும் என்பதால் போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

தசரதன் சம்மணமிட்டு உட்கார்ந்து கயல்விழியை மடியில் வாங்கிக்கொண்டார். ஒரு கையால் தலையை மார்போடு அணைத்து, இன்னொரு கையால் இரண்டு பிஞ்சுக் கைகளையும் சேர்த்துப் பிடித்தார். ஆசாரி மஞ்சுநாத் காது மடலைத் தேய்த்து, குழந்தையின் கவனத்தைத் திருப்புவதற்காகக் கொஞ்சினார்.

"பாப்பா பேரு இன்னா? பாப்பாவுக்கு எந்த ஊரு?"

மஸ்கட் என்று சொல்ல வாயெடுத்தாள் குணசுந்தரி. பரதராமி என்றார் நாற்காலியில் இருந்த பெரியவர். ராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

குழந்தையின் கைகளைப் பிடித்திருந்த பிடியிலிருந்து தசரதனின் ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல விலகி, கீழே, தான் உட்கார்ந்திருந்த தரையைக் காட்டியது. ஊசி இறங்கிக் கயல்விழி வீரிட்டு அழுதபோதும் அவர் அந்த விரலை மடக்கவில்லை.